பதினேழாம் இலக்க அட்டையும் அம்பிட்டிய வீடும்

1

இவ்வாண்டு ஜூலை மாதத்தின் கடைசி வாரம் முழுவதும் தொலைபேசிக்குப் பக்கத்தில் ஒரு கதிரையைப் போட்டு அமர்ந்திருந்தேன். கனடாவிலிருந்து வரவேண்டிய அழைப்பு வரவில்லை. பதினாறு ஆண்டுகளாக ஒருமுறையேனும் தவறாத அழைப்பு அது. ஏன் வரவில்லை என்பது எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டே அமர்ந்திருந்தேன். மனைவி இரண்டு முறை தேநீர் கொண்டுவந்து வைத்தாள். மூன்றாம் முறை கோப்பைகளை எடுத்துக்கொண்டு போனாள்.

கண்டியிலிருந்து இச்சஞ்சிகையை நடத்தும் ஆசிரியர், ஜேர்மனிய வாழ்க்கையைப் பற்றி ஆண்டுக்கு ஒரு கட்டுரையாவது அனுப்புமாறு கேட்டிருக்கிறார். இதுவரை பனியைப் பற்றியும், புகையிரதங்கள் நேரந்தவறாமல் ஓடுவதைப் பற்றியும், குப்பையை நான்கு வாளிகளில் பிரித்துப் போடும் ஒழுங்கைப் பற்றியும் எழுதினேன். அக்கட்டுரைகளின் அடியில் என் பெயருக்குக் கீழே அவர் வழக்கமாக ஓர் அறிமுக வரி இடுவார். அதைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன். இம்முறை நான் எழுதப்போவது ஓர் அட்டை விளையாட்டைப் பற்றி. அறுபதைத் தாண்டியவனுக்கு இது பொருத்தமான விடயமா என்று சிலர் எண்ணலாம். வாசித்துவிட்டு எண்ணுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

2

என் மகன் மோகனுக்கு இருபத்தேழு வயது. நகரின் மறுகோடியில் தனியாக இருக்கிறான். தமிழ் பேசுவான், வாசிக்க மாட்டான். ஆகவே அவனுக்குத் தெரியாமல் அவனைப் பற்றி எழுதும் வசதி எனக்கு உண்டு. இந்த வசதியை எண்ணி நான் மகிழ்ந்தது கிடையாது.

அவனும் அவனுடைய ஜேர்மனிய நண்பர்களும் சனிக்கிழமைப் பிற்பகல்களில் ஆடுவது இரத்தக் காட்டேரிகளைப் பற்றிய விளையாட்டு. ஒவ்வொருவரும் மறைந்து வாழும் ஒரு காட்டேரிக் குலத்தின் தலைவர். ஐந்து பேர் வட்டமாக அமர்வார்கள். ஒவ்வொருவருக்கும் முப்பது சிவப்பு மணிகள், அவையே இரத்தம். மணிகள் தீர்ந்தவர் எழுந்துவிட வேண்டும். உங்கள் இடப்பக்கத்தில் இருப்பவர் உங்கள் இரை. அவரை மட்டுமே நீங்கள் தாக்கலாம். வலப்பக்கத்தில் இருப்பவர் உங்களை வேட்டையாடுபவர். கண்டியில் நாங்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் ஆடிய முந்நூற்று நான்கு என்ற சீட்டாட்டத்தில் எதிரே அமர்ந்திருப்பவர் நம் கூட்டாளி. அவர் முகத்தைப் பார்த்தே பாதி ஆட்டத்தை ஆடிவிடலாம். இந்த ஆட்டத்தில் எதிரே அமர்ந்திருப்பவர் உங்களுக்கு ஒன்றுமில்லை.

மகனின் குழுவுக்கு ஒரு தனிப்பொறுப்பும் இருந்தது. இவ்விளையாட்டுக்கு ஆண்டுதோறும் புதிய அட்டைகள் அச்சாகின்றன. அச்சாவதற்கு முன்னர், பல நாடுகளிலுள்ள சில குழுக்கள் அவற்றை ஆடிப் பரிசோதிக்கின்றன. பரிசோதனை அட்டைக்குப் படம் இல்லை, பெயர் இல்லை. ஒரு துண்டுத் தாளில் இலக்கத்தையும் விதியையும் எழுதி, பழைய அட்டையொன்றின் மேல் வைத்துக் கண்ணாடித்தாள் உறைக்குள் செருகிக்கொள்வார்கள். வெளியாரிடம் அதைப் பற்றிப் பேசலாகாது. ஆட்டம் முடிந்ததும் ஒரு படிவம் நிரப்பவேண்டும். என்னைப் போல் படிவங்களுக்குப் பயந்து இந்நாட்டில் வாழ்ந்த ஒருவனின் மகன் விருப்பத்தோடு படிவம் நிரப்புவதைக் கண்டு வியந்திருக்கிறேன்.

சென்ற ஆண்டு மாசி மாதத்தில் அவர்களில் ஒருவர் வேறு நகருக்குப் போய்விட்டார். மகன் என்னை அழைத்தான். ஆறு மாதமாக அவன் என்னை எதற்கும் அழைத்திருக்கவில்லை, ஆகவே போனேன்.

“வெல்றதுக்கு இல்லப்பா,” என்றான். “அட்டைய உடைக்கணும். எங்க உடையும், எவ்வளவு பலம்னு பாக்கணும். எல்லாரும் எப்பவும் போடுற அட்டைன்னா அது கெட்ட அட்டை. அதத் திருப்பி அனுப்பிரணும்.”

என் இடப்பக்கத்தில் பெற்றா என்ற பெண் அமர்ந்தாள். மருத்துவமனைத் தாதி. எனக்காக மெதுவாகப் பேசினாள். அவளே என் இரை.

3

என் கைக்கு அடிக்கடி வந்த அட்டை பதினேழாம் இலக்கம். அதன் விதி எளிது. வலப்பக்கத்தவர் உங்களைத் தாக்கும்போது இதைக் காட்டுங்கள். தாக்குதல் உங்களைக் கடந்து உங்கள் இடப்பக்கத்தவருக்குப் போகும். இத்தகைய அட்டைகள் அவ்விளையாட்டில் முன்பும் உண்டு. ஆனால் அவற்றைப் போடுபவர் ஏதாவது இழக்கவேண்டும். பதினேழாம் இலக்கத்துக்கு இழப்பு எதுவும் எழுதப்பட்டிருக்கவில்லை.

நான் அதைப் போடவில்லை. முதல் சனிக்கிழமை போடவில்லை, அடுத்ததும் போடவில்லை. ஓர் அட்டையைப் போட்டால்தான் புதியதொன்றை எடுக்கலாம் என்பது விதி. ஆகையால் பதினேழுகள் என் கையில் தேங்கின. மூன்றைப் பிடித்துக்கொண்டே மணிகளை எண்ணிக் கொடுத்துவிட்டு, எல்லோருக்கும் முதலில் எழுந்துபோய் யன்னலருகே நின்றேன்.

அவர்கள் தங்களுக்குள் ஆலோசித்தார்கள். கிழவருக்கு ஜேர்மன் மொழி விளங்கவில்லை என்று முடிவுசெய்தார்கள். மூன்றாம் வாரம் பதினேழாம் அட்டையின் விதி எனக்கென்று சிறுபிள்ளைகளின் மொழியில், நான்கு குறுகிய வாக்கியங்களாக, பெரிய எழுத்தில் எழுதப்பட்டிருந்தது. பெற்றாவின் கையெழுத்து. இருபது ஆண்டுகளுக்கு மேலாக இந்நாட்டு அலுவலகங்களில் எனக்குக் கிட்டாத மரியாதை அது. எனினும் அந்த அட்டையை அங்கிருந்தவர்கள் அனைவரையும் விட நன்றாக விளங்கிக்கொண்டவன் நான்தான்.

மகன் என்னைச் சமையலறைக்கு அழைத்துப் போனான்.

“கையில மூணு பதினேழு வச்சிக்கிட்டு செத்துப் போறீங்க. நாங்க இத எப்பிடிப்பா எழுதுறது?”

“புடிக்கல, போடல.”

“புடிக்கிறதுக்கு இல்லப்பா. நீங்க போடாட்டி அது நல்லதா கெட்டதான்னே தெரியாது. அப்பிடியே அச்சடிச்சிருவாங்க.”

4

எண்பத்து மூன்றாம் ஆண்டு ஜூலையில் நாங்கள் கண்டிக்கு அருகே அம்பிட்டியவில் இருந்தோம். நான் பிறந்தது கலஹாவுக்கு மேலேயுள்ள ஒரு தேயிலைத் தோட்டத்தில். எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றது. கண்டி நகரின் மொத்தக் கடையொன்றில் எழுதுவினைஞனாகச் சேர்ந்து, சாமான் சுற்ற வரும் பழைய பத்திரிகைகளை வாசித்தே இந்தத் தமிழைக் கற்றேன். சிங்களம் தோட்டத்து லயக் குடியிருப்புக்குக் கீழேயிருந்த கிராமத்துப் பிள்ளைகளோடு விளையாடிய நாளிலேயே வந்துவிட்டது. நான் பேசினால் எவரும் என்னைத் தமிழன் என்று சொல்லமாட்டார்கள்.

மலைச்சரிவில் வரிசையாக ஐந்து வீடுகள். வாசலில் நின்று பார்த்தால் எங்களுக்கு இடப்பக்கத்து வீடு சிவபாதம் அண்ணனுடையது. யாழ்ப்பாணத்தவர், கச்சேரி என்னும் மாவட்ட அரச செயலகத்தில் உத்தியோகம். என்னிலும் பத்து வயது மூத்தவர். தோட்டத்துப் பிள்ளை என்று என்னை ஒதுக்காமல் ஞாயிற்றுக்கிழமைகளில் முந்நூற்று நான்கு ஆடக் கூப்பிட்ட ஒரே யாழ்ப்பாணத்தவர். நான் அவருக்கு எதிரே அமர்வேன். அவருடைய மனைவி பக்கத்து அறையில் தையல் மெசினை மிதித்துக்கொண்டிருப்பார். அண்ணனின் சிங்களம் அலுவலகச் சிங்களம். மூன்றாவது சொல்லில் ஊர் தெரிந்துவிடும்.

கலவரம் கண்டிக்கு வந்த அன்று முற்பகலில் நகரத்தின் பக்கம் புகை எழுந்தது. கடை பூட்டப்பட்டு நான் மேட்டுப்பாதையால் வீடு வந்து சேர்ந்தேன். மனைவி பொட்டை அழித்துவிட்டு, மூன்று வயது மோகனோடு பின்னறையில் இருந்தாள். சிவபாதம் அண்ணன் வீட்டுக் கதவு சாத்தியிருந்தது. உள்ளே இருக்கிறார்களா, போய்விட்டார்களா என்று நான் போய்ப் பார்க்கவில்லை. இருபது அடி தூரம்.

பிறகு அவர்கள் வந்தார்கள். பன்னிரண்டு பதினைந்து பேர். முன்னால் நின்றவன் மரியாதையாகவே கேட்டான். இந்த வரிசையில் ஒரு தமிழ் வீடு இருப்பதாகக் கேள்வி; எந்த வீடு? ஒரு வீடு என்றுதான் கேட்டான். இரண்டு என்று அவனுக்குத் தெரியாது.

நான் வாசலுக்கு வந்து கையை நீட்டினேன். “மெஹே நெவெய். எஹா கெதர.” இங்கே இல்லை, அடுத்த வீடு. நான்கே சொற்கள். மிக அழகான உச்சரிப்பு.

யன்னல் நீக்கல் வழியாக எல்லாவற்றையும் பார்த்தேன். நீல அலுமாரி வெளியே வந்தது, படங்கள் வந்தன, மிதிவண்டி வந்தது. மாலையில் கூரை எரிந்து இறங்கிய பின்னர், தையல் மெசினின் இரும்புச் சக்கரம் மட்டும் நிமிர்ந்து நின்றது. வீட்டில் எவரும் இருக்கவில்லை என்பதை மறுநாள் காலையில்தான் அறிந்தேன். முதலில் என்ன நிம்மதி அடைந்தேனோ அதை நிம்மதி என்று சொல்லக் கூசுகிறது. அவர்கள் உயிரோடு இருக்கிறார்கள் என்று அறிந்த அடுத்த கணமே, அவர்களுக்கு ஒன்றும் தெரிந்திருக்காது என்று எண்ணினேன்.

அவர்கள் பாடசாலையொன்றில் திறந்திருந்த அகதிமுகாமில் இருந்தார்கள். மூன்று நாள் சோறு சமைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அண்ணன் என் கையைப் பிடித்துக்கொண்டார். உம்மட வீடு தப்பினது பெரிய காரியம் என்றார்.

5

இரண்டாண்டுகளின் பின் கிழக்குப் பேர்லின் வழியாக இந்நாட்டுக்கு வந்தோம். அகதி விசாரணையில் அதிகாரி ஒரு மேசைக்கு அப்பால், பக்கத்தில் யாழ்ப்பாணத்து மொழிபெயர்ப்பாளர். அதிகாரி ஏதோ கேட்டார். மொழிபெயர்ப்பாளர் என் பக்கம் திரும்பினார்.

“உங்கட வீடு எரிஞ்சதோ எண்டு கேக்கிறார்.”

இல்லை என்று சொன்னால், பிறகு ஏன் வந்தீர் என்று கேட்பார்கள் என்பது இங்குள்ள அகதிமுகாமில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. எரிந்தது என்றேன். எப்படி என்று கேட்டார்கள். சொன்னேன். நீல அலுமாரியைச் சொன்னேன், மிதிவண்டியைச் சொன்னேன், என் மனைவியின் தையல் மெசின் சக்கரம் சாம்பலில் நிமிர்ந்து நின்றதைச் சொன்னேன். தட்டச்சில் அடித்துக்கொண்டிருந்த பெண் அந்த இடத்தில் ஒருகணம் விரலை நிறுத்தினாள். விபரங்கள் முரண்பாடின்றி இருப்பதாகத் தீர்ப்பில் எழுதினார்கள். முரண்பட என்ன இருக்கிறது? நான் கண்ணால் கண்டவை. முதலில் நெருப்பை அவர் வீட்டுக்கு அனுப்பினேன். பிறகு அந்தச் சாம்பலையும் எனதென்று எடுத்துக்கொண்டேன்.

இவ்வாறு எங்கள் வீடு எரிந்தது. கோப்பில் எரிந்தபடியால் வீட்டிலும் எரிய வேண்டியதாயிற்று. மகன் அதைக் கேட்டே வளர்ந்தான். என் மனைவி இங்கு வந்து தவணையில் ஒரு தையல் மெசின் வாங்கியபோது, ஏழு வயதில் அவளைக் கட்டிப்பிடித்து, இது எரியாது அம்மா என்றான். அவள் என்னைப் பார்த்தாள். 

சிவபாதம் அண்ணன் கனடா போய்ச் சேர்ந்து, யாரோ மூலம் என் தொலைபேசி இலக்கத்தைப் பெற்று, முதன்முதலாக அழைத்ததும் ஒரு ஜூலை மாதத்தில். பாடசாலை முகாமில் நான் கொடுத்த சோற்றுக்கு நன்றி சொன்னார். அடுத்த ஜூலையும் சொன்னார். அதன் பிறகு ஒவ்வோராண்டும்.

6

நான்காம் சனிக்கிழமை பதினேழாம் அட்டையைப் போட்டேன். மகன் சொன்னது சரி. பரிசோதிக்காத அட்டை அப்படியே அச்சாகிவிடும். வலப்பக்கத்திலிருந்து ஏழு மணிகளைப் பறிக்கும் தாக்குதல் வந்தது. பெற்றாவிடம் ஆறு மணிகளே இருந்தன. அட்டையை மேசையில் வைத்தேன். சொல்லவேண்டியது எதுவுமில்லை; கையை இடப்பக்கமாக நீட்டினால் போதும். நீட்டினேன்.

அவள் சிரித்தாள். தோற்றவர் கைகுலுக்குவது அவர்கள் வழக்கம். என் கையைக் குலுக்கி, இறுதியில் விளங்கிக்கொண்டீர்களே என்று பாராட்டிவிட்டு, எல்லோருக்கும் கோப்பி போடப் போனாள். மற்றவர்களும் பாராட்டினார்கள். அன்றைய ஆட்டத்தில் நான் வென்றேன். பதினேழைக் கையில் வைத்திருப்பவர் வெல்லாமலிருப்பது கடினம் என்பது அன்று உறுதியாயிற்று.

படிவத்தில் ஒரு கேள்வி: இந்த அட்டையில் எதை மாற்றவேண்டும்? என் பிழையான ஜேர்மனில் எழுதினேன். இதைப் போடுகிறவர் எதையாவது இழக்கவேண்டும். எவ்வளவு என்று மகன் கேட்டான். அவன் கேட்டது மணிக் கணக்கை. தொகையை எழுதாமல் விட்டேன். காரணம் எழுதும் கட்டத்தையும் வெறுமையாக விட்டேன்.

அவன் என்னை டிராம் தரிப்பிடம் வரை கூட்டிக்கொண்டு வந்தான். அங்கே நின்று அவனுக்கு எல்லாவற்றையும் சொன்னேன். இரண்டு டிராம்கள் வந்து போயின.

“அப்ப நம்ம வீடு எரியலையா?”

“இல்ல.”

“அம்மாவோட தையல் மெசின்?”

“அது அவங்களோடது.”

அவன் தண்டவாளத்தின் பக்கம் திரும்பினான். “ஸ்கூல்ல நான் அதப் பத்தித்தான் எழுதினேன். வாசிச்சிட்டு டீச்சர் அழுதாங்க.” பிறகு என் தோளில் கைவைத்தான். “விடுங்கப்பா. அந்த எடத்துல யாரா இருந்தாலும் அதத்தான் செஞ்சிருப்பாங்க.”

எல்லோரும் எப்போதும் போடுகிற அட்டை கெட்ட அட்டை. இது அவனே எனக்குச் சொன்ன விதி. அதை அவனுக்கு நான் நினைவூட்டவில்லை. சிவபாதம் அண்ணனைப் பற்றி அவன் ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. அவன் இழந்தது வேறு. எரிந்த ஒரு வீட்டின் பிள்ளையாக இந்த நாட்டில் அவன் வளர்ந்திருந்தான். அந்த வீட்டை நான் ஒரு டிராம் தரிப்பிடத்தில் வைத்து அவனிடமிருந்து பறித்துவிட்டேன். அதன் பின்னர் அவன் என்னை ஆட்டத்துக்கு அழைக்கவில்லை. ஐந்தாவது ஆள் கிடைத்துவிட்டதாகச் சொன்னான்.

7

சென்ற ஜூலையில் தொலைபேசி வழக்கம்போல் ஒலித்தது. அண்ணனின் குரல் தளர்ந்திருந்தது. மனைவி இறந்து ஏழு மாதம் என்றார். கடைசி மட்டும் அந்த மெசினைப் பற்றிக் கதைத்துக்கொண்டிருந்தவ என்றார். நாட்டில் சண்டை மீண்டும் மூண்டதைப் பற்றிச் சிறிது பேசினார். பிறகு சோற்றுக்கு நன்றி சொன்னார்.

“அண்ணே,” என்றேன். “அன்னைக்கு ஒங்க வீட்டக் கைகாட்டுனது நான்தான்.”



“ஓம் தம்பி,” என்றார். “பின்வேலிக்கு மேல, அந்தப் பலாவடியிலதான் நாங்கள் ரெண்டு பேரும் குந்திக்கொண்டிருந்தனாங்கள். உம்மட குரல் எனக்குத் தெரியாதே?”

தெரிந்தே ஏன் ஒவ்வோராண்டும் நன்றி சொன்னீர்கள் என்று கேட்டேன்.

“நான் சோத்துக்குத்தான் நன்றி சொன்னனான். மற்றதைப் பற்றி ஒருநாளும் ஒண்டும் சொல்லேல்ல. நீரா சொல்லுவீர் எண்டு பாத்துக்கொண்டிருந்தன்.” பிறகு, “அவ இருக்கேக்க சொல்லியிருக்கலாம்,” என்றார். உடம்பைக் கவனியும் என்று சொல்லி வைத்துவிட்டார்.

மார்கழியில் புதிய அட்டைகள் அச்சாகி வந்தன. மகன் பதினேழாம் அட்டையின் ஒரு பிரதியைத் தபாலில் அனுப்பியிருந்தான், கடிதம் இல்லை. இப்போது அதற்கு ஒரு படம் உண்டு. பழங்காலத்து உடையணிந்த ஒரு கனவான் கதவைத் திறந்து, மிகுந்த மரியாதையோடு ஒரு கையால் இருண்ட தெருவைக் காட்டுகிறான். மூலையில் சிவப்பு வட்டத்துக்குள் ஓர் இலக்கம். என் படிவத்தை ஏற்றுக்கொண்டிருக்கிறார்கள். இதைப் போடுகிறவர் இனி ஒரு மணியை இழக்கவேண்டும். முப்பதில் ஒன்று.

இவ்வாண்டு ஜூலை போய்விட்டது. அழைக்க வேண்டியவன் இனி நான் என்பது எனக்கு விளங்குகிறது. இலக்கம் மனப்பாடம். இதை எழுதி முடிக்கும் இந்த நேரம் வரையில் நான் அழைக்கவில்லை.

ஆசிரியருக்கு ஒரு வேண்டுகோள். என் கட்டுரைகளின் அடியில், ‘எண்பத்து மூன்றில் அம்பிட்டியவிலிருந்த தமது வீட்டைத் தீயில் இழந்தவர்’ என்று என்னைப் பற்றி ஒரு வரி இட்டு வந்தீர்கள். நான்தான் எழுதி அனுப்பினேன். தயவுசெய்து இம்முறை அதை நீக்கிவிடுங்கள். அது சிவபாதம் அண்ணனுடையது.